பழைய படத்தை மீட்கப் போகிறீர்களா? எந்த வடிவத்தை முதலில் மீட்பது?

பழைய படம் ஒன்றின் ரீல் டப்பாக்கள் உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எடுத்த படமாக இருக்கலாம், நீங்கள் உரிமை வாங்கிய படமாக இருக்கலாம், ஒரு திரைப்படச் சங்கத்தின் அலமாரியில் பல வருடம் கிடந்ததாகவும் இருக்கலாம். கையில் உள்ள பணம் ஏதாவது ஒரு வேலைக்குத்தான் போதும். எதைச் செய்வது?

பிலிம் சுருள்களைப் பிரித்து, பரிசோதித்து, சுத்தம் செய்து ஸ்கேனுக்கு அனுப்பும் மேசையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தயாரிப்பாளரின் மகன் அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்தார். "சார், 4கே பண்ணிடலாம். சவுண்டை 5.1 ஆக்கிடலாம். முடிஞ்சா கலரும் போட்டுடலாம்" என்றார். 4கே என்றால் மிக நுணுக்கமான டிஜிட்டல் படிமம், 5.1 என்றால் சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களில் கேட்கும் ஆறு தட ஒலி. அப்பா மீது இருந்த பாசம்தான் அப்படிப் பேச வைத்தது. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "ரிலீசான அன்னிக்கு ஜனங்க பார்த்த படம் முழுசா எங்கேயாவது இருக்கா சார்?"

அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் மற்ற எந்த முடிவையும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் வெளியான வடிவம் பத்திரமாக வேண்டும். கலர், 5.1 எல்லாம் அதற்கப்புறம். ஏன் என்று அவருடைய படத்தை வைத்தே சொல்கிறேன்.

சேமிப்பா, மீட்பா?

டப்பாவைத் திறந்ததும் முதலில் வேலை செய்வது மூக்குதான். 1950களின் தொடக்கம் வரை 35 எம்.எம். படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில் வந்தன. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சரக்கு அது; தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. 1937ல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்ததும், 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு எரிந்ததும் அப்படித்தான். திரும்ப எடுக்க முடியாத படங்கள் இரண்டிலும் போயின. நைட்ரேட் என்று சந்தேகம் வந்தாலே டப்பாவை நீங்களாகக் கையாள வேண்டாம். ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள்.

அதற்குப் பிறகு வந்த அசிட்டேட் பிலிம் அப்படித் தீப்பிடிக்காது. ஆனால் அழுகும். அழுகத் தொடங்கியதும் அசிட்டிக் அமிலம் வெளிவரும், டப்பாவைத் திறந்தால் காடி வாடை குப்பென்று அடிக்கும். வெளிவந்த அமிலமே அழுகலை இன்னும் வேகமாக்குவதுதான் இதில் கொடுமை. பக்கத்து டப்பாவையும் அது விடாது. டப்பாவுக்குள் வைக்க ஒரு சிறு காகிதப் பட்டை இருக்கிறது. நீலமாக இருக்கும் அது அமிலத்தின் அளவைப் பொறுத்துப் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். அந்த மகன் கொண்டுவந்த படத்தின் 13 நெகட்டிவ் டப்பாக்களில் பட்டை போட்டு மறுநாள் பார்த்தோம். பத்தில் நீலம் கலந்த பச்சை, மூன்றில் மஞ்சள். படம் மொத்தம் 14 ரீல். நான்காவது ரீலின் நெகட்டிவே இல்லை.

சாதாரண அறை வெப்பத்தில் ஒரு புதிய அசிட்டேட் சுருள் சுமார் 50 ஆண்டுகளில் காடி வாடை அடிக்கும் நிலைக்கு வந்துவிடும். உறைநிலைக்குப் பக்கத்தில், ஈரப்பதம் குறைவான அறையில் வைத்தால் அதே சுருள் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். அதனால் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், முழு மீட்புக்கு முன் குளிர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மஞ்சள் காட்டிய ரீல்களை மட்டும் உடனே ஸ்கேன் செய்து, எந்தத் திருத்தமும் செய்யாமல் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அழுகிய பிலிம் சுருங்கும், பல் சக்கரம் மாட்டுவதற்காக ஓரத்தில் உள்ள ஸ்ப்ராக்கெட் ஓட்டைகளின் இடைவெளி குறையும். சுருக்கம் 1 சதவீதத்தைத் தாண்டினாலே பழைய பிரின்டிங் இயந்திரம் திணறும். பல் சக்கரம் இல்லாத இன்றைய ஸ்கேனர்கள் அதைவிட அதிகம் தாங்கும், ஆனால் அவற்றுக்கும் எல்லை உண்டு. டிஜிட்டல் சுத்திகரிப்பை ஐந்து வருடம் கழித்தும் செய்யலாம். அழுகல் நமக்காக ஐந்து வருடம் பொறுக்காது.

நெகட்டிவா, பிரின்டா?

கேமராவில் ஓடிய நெகட்டிவ்தான் உச்சத் தரம். அதிலிருந்து இன்டர்பாசிட்டிவ் என்ற இடைநிலை நகல், அதிலிருந்து டூப் நெகட்டிவ் என்ற நகல் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போன பிரின்ட் என்று இறங்க இறங்க நுணுக்கம் குறையும், நிழல் பகுதிகள் அடைத்துக்கொண்டு கறுத்துப்போகும். அதனால் "நெகட்டிவ் கிடைச்சாச்சு, பிரின்ட் எதுக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். இந்த இடத்தில்தான் பெரும் தவறு நடக்கிறது.

நெகட்டிவ் நல்ல தரத்தைத் தரும். படம் எப்படி வெளியானது என்பதை அது எப்போதும் சரியாகச் சொல்லும் என்று நம்ப முடியாது. மறுவெளியீட்டுக்காகக் காட்சி நறுக்கியவர்கள் பல நேரம் நெகட்டிவிலேயே கத்தரி வைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் எங்களுக்கு அதுதான் நடந்தது. முதல் வெளியீட்டுக் காலத்துப் பிரின்ட் ஒன்று தனியாகக் கிடைத்தது. கீறல் மழையாகப் பெய்த பிரின்ட். அதன் ஒன்பதாம் ரீலையும் நெகட்டிவின் ஒன்பதாம் ரீலையும் ஒத்திசைத்து, ஒரே கைப்பிடியில் அடி அடியாக ஓட்டினோம். 35 எம்.எம்.மில் ஓர் அடிக்கு 16 பிரேம். 400 அடி வரைக்கும் பிரேமுக்குப் பிரேம் பொருந்தியது. அப்புறம் நெகட்டிவில் ஒரு ஒட்டு வந்தது, மற்ற ஒட்டுகளைவிடப் புதிதாக, பசை சற்று வெளியே வழிந்து. பிரின்டில் அந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு நிமிடம் காட்சி போய்க்கொண்டே இருந்தது: ஒரு தாய் வாசலில் உட்கார்ந்து மகனுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார். அந்தப் பிரின்டைக் "குப்பை" என்று யாராவது தூக்கிப் போட்டிருந்தால், மிகத் தெளிவான 4கே தரத்தில் ஒரு குறைப் படத்தை மீட்டு, இதுதான் மூலம் என்று பெருமையாக வெளியிட்டிருப்போம்.

பெரிய படங்களின் கதையும் இதுதான். ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927ல் வெளியான கொஞ்ச நாளிலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. காணாமல் போனதில் பெரும்பகுதி 2008ல் புவெனோஸ் ஐரிஸ் சினிமா அருங்காட்சியகத்தில் ஒரு 16 எம்.எம். நகலில் கிடைத்தது. கீறலும் கறையுமான அந்த நகலால்தான் 2010ல் ஏறக்குறைய 25 நிமிடம் படத்துக்குத் திரும்பி வந்தது. இயக்குநர் டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் நெகட்டிவ் 1928லேயே தீயில் போனது. அதன் முதல் வடிவம் 1981ல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் கிடைத்தது. சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் 1993ல் லண்டன் லேப் தீயில் கருகின. கருகியதைத் தூக்கிப் போடாமல் ஆஸ்கர் விருது தரும் அகாடமியின் ஆவணக் காப்பகம் பத்திரப்படுத்தியிருந்தது. பின்னாளில் இத்தாலியின் போலோன்யாவில் அவற்றுக்கு ஈரம் ஏற்றிப் பிரித்தெடுத்து, பயன்பட்ட பகுதியை நெகட்டிவிலிருந்தும் மீதியை வேறு நகல்களிலிருந்தும் சேர்த்து 2015ல் படங்களைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே இரண்டில் ஒன்று என்று பார்க்காதீர்கள். படிமத்துக்கு நெகட்டிவ், சாட்சிக்குப் பிரின்ட். எந்தக் காட்சி எவ்வளவு நீளம், இரவுக் காட்சியை எவ்வளவு இருட்டாக அச்சிட்டார்கள், எந்த இடத்தில் மெல்ல மங்கி மறைந்தது என்பதையெல்லாம் பிரின்ட்தான் சொல்லும். வண்ணப் படங்களில் மட்டும் இந்தச் சாட்சியைக் கவனமாகக் கேட்க வேண்டும். பழைய ஈஸ்ட்மன்கலர் பிரின்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து, படம் முழுக்க ரோஜா நிறமாகிவிடும். டெக்னிகலரின் சாயமேற்றிய பிரின்ட் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அந்த நிறம் இன்றும் அப்படியே இருக்கும்.

ரசாயன வழியா, டிஜிட்டலா?

இதில் நான் அதிகம் தயங்குவதில்லை. ரசாயன வழியில் பிலிமிலிருந்து பிலிமுக்கு நகல் எடுக்கலாம். பின்புறக் கீறல்களைத் திரவத்தில் நனைத்தபடி அச்சிட்டு மறைக்கலாம், கீறலுக்குள் திரவம் நிரம்புவதால் ஒளி சிதறாது. கிழிந்த பிரேம், துடிக்கும் வெளிச்சம், வெளுத்த நிறம் ஆகியவற்றுக்கு டிஜிட்டல்தான் வழி. ஸ்கேன் செய்து திருத்துங்கள்.

ஆனால் திருத்தி முடித்ததை எங்கே வைப்பது என்பதில் டிஜிட்டல் பலவீனம். 4கே ஸ்கேனில் ஒரு பிரேம் ஏறக்குறைய 50 மெகாபைட். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 பிரேம், அதாவது 10 டெராபைட்டுக்கு மேல். எல்.டி.ஓ. என்ற காந்த நாடாவில் எழுதி வைப்பது வழக்கம். நாடா கெடாமல் இருந்தாலும் அதைப் படிக்கும் இயந்திரம் மாறிக்கொண்டே போகும். புதிய டிரைவ்கள் மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு தலைமுறைக்கு முந்தைய நாடா வரைதான் படிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை புது நாடாவுக்கு மாற்ற ஆளும் பணமும் வேண்டும். யாராவது ஒருவர் மறந்தால் படம் போச்சு. நல்ல பாலியஸ்டர் பிலிமில் எடுத்த புது நெகட்டிவை ஒரு விளக்கும் லென்சும் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பார்க்கலாம். வசதி இருந்தால் திருத்திய படத்தை மீண்டும் பிலிமில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்று நகல், இரண்டு வேறு வேறு ஊர்களில். இது இரண்டும் முடியாவிட்டாலும் பழைய நெகட்டிவை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். "ஸ்கேன் பண்ணியாச்சே" என்று சொல்லிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு சுத்தம் செய்வது?

தூசி நீக்கும் மென்பொருள் எப்படி யோசிக்கிறது தெரியுமா? முந்தைய பிரேமில் இல்லை, அடுத்த பிரேமில் இல்லை, நடுவில் மட்டும் ஒரு புள்ளி என்றால் அது தூசி. எங்கள் படத்தின் ஆறாம் ரீலில் நாயகன் மழையில் நின்று கதவைத் தட்டும் காட்சி. தானியங்கி முறையில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் அவர் சட்டை நனைந்திருக்கிறது, மழையில் பாதியைக் காணோம். ஒவ்வொரு துளியும் ஒரே ஒரு பிரேமில் வருவதால் மென்பொருள் அதைத் தூசிக் கணக்கில் சேர்த்துவிட்டது. வெல்டிங் பொறி, நகையின் மினுக்கு, பறக்கும் பந்து எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்து ஒரு பெண் ஊழியர் நான்கு நாள் உட்கார்ந்து பிரேம் பிரேமாகக் கையால் தூசியை நீக்கினார்.

பிலிமில் பொடிப் பொடியாகத் தெரியும் கிரெய்னையும் பலர் அழுக்கு என்று நினைக்கிறார்கள். பிலிமில் படிமம் என்பதே அந்தத் துகள்களால் ஆனது. அதை வழித்துவிட்டால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும், கண்ணோரச் சுருக்கமும் போய்விடும். இப்போது ஏஐ மூலம் கூர்மையாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அந்த மென்பொருள் இல்லாத நுணுக்கத்தை ஊகித்து வரைகிறது. நடிகரின் பல்வரிசையையும் புடவைக் கரையையும் அதுவாகக் கற்பனை செய்கிறது. வீட்டுத் திரையில் பார்க்க ஒரு நகலுக்கு அது போதும் என்று ஒருவர் நினைத்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். அதை மீட்பு என்று அழைப்பதை ஏற்கமாட்டேன்.

ஒலியிலும் அளவு இருக்கிறது. 1996ல் 'வெர்டிகோ' படத்தை மீட்டவர்கள் பல சத்தங்களைப் புதிதாகப் பதிவு செய்தார்கள், இயக்குநர் ஹிட்ச்காக் கேட்டு ஒப்புக்கொண்ட ஒலி இதுவா என்ற விவாதம் அன்றே கிளம்பியது. மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில், வந்த படத்துக்கு மோனோதான் முதல் தடம். 5.1 வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு தடமாக வையுங்கள், பார்ப்பவர் தேர்ந்தெடுக்கட்டும்.

எந்த வடிவம்?

பணமும் பாசமும் உரிமையும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது.

படைத்தவரே மாற்றினால் என்ன செய்வது? சாப்ளின் 1925ல் எடுத்த 'தி கோல்ட் ரஷ்' படத்தை 1942ல் தன் குரலில் வர்ணனை சேர்த்து, சில இடங்களை வெட்டி மறுபடி வெளியிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் மௌனப்பட வடிவம் பின்னுக்குப் போனது. 1990களில்தான் அதைப் பல நகல்களிலிருந்து தேடிக் கட்டி எழுப்பினார்கள். 'ஸ்டார் வார்ஸ்' 1997ல் புதிய காட்சிகளோடு வந்தபோது நெகட்டிவே புது வடிவத்துக்கேற்ப மாற்றப்பட்டது. 1977ல் உலகம் பார்த்த படத்தை நல்ல தரத்தில் பார்க்க அதன்பின் பல வருடம் வழியே இல்லை. 2025 ஜூனில் லண்டனில் 1977ஆம் வருடத்துப் பிரின்ட் ஒன்றைத் திரையிட்டபோது அது உலகச் செய்தியானது. தன் படத்தைத் திருத்த இயக்குநர் லூக்காசுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பழையதை எட்டாத இடத்தில் வைத்ததுதான் என் வருத்தம். ஸ்பீல்பெர்க் 2002ல் 'ஈ.டி.' படத்தில் அரசு ஏஜென்டுகளின் துப்பாக்கிகளை வாக்கி டாக்கிகளாக மாற்றினார். பிறகு அதற்கு வருந்தி மூல வடிவத்தையே திரும்பக் கொண்டுவந்தார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம், பழையது பத்திரமாக இருந்தது.

முதல் வெளியீடே படைத்தவர் விருப்பத்துக்கு மாறாக இருந்த படங்களும் உண்டு. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' 1958ல் ஸ்டூடியோ வெட்டியபடி வந்தது. அவர் எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து 1998ல் எடிட்டர் வால்டர் மர்ச் மறுபடி தொகுத்தார். 'ஷோலே'யின் முடிவு 1975ல் தணிக்கைக்காக மாற்றப்பட்டது. முதலில் எடுத்த முடிவோடு மீட்ட வடிவம் 2025ல் போலோன்யாவில் திரையிடப்பட்டது. இந்த மாதிரி இடத்தில் எது மூலம் என்று கேட்டால், இரண்டையும் வையுங்கள் என்பேன். இயக்குநர் விரும்பியது ஒரு வரலாறு, மக்கள் பார்த்தது இன்னொரு வரலாறு. 2007ல் 'பிளேட் ரன்னர்' ஐந்து வடிவங்களும் ஒரே பெட்டியில், எது எது என்ற பெயரோடு வந்தது. நான் யாருக்கும் காட்டும் முன்மாதிரி அதுதான்.

கலர் பற்றி அந்த மகனிடம் 'மொகல்-ஏ-ஆசாம்' கதையைச் சொன்னேன். 1960ல் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டே வந்து, கண்ணாடி மாளிகைப் பாட்டில் சட்டென்று வண்ணம் வெடித்த படம் அது. அரங்கில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கணம். 2004ல் முழுவதும் வண்ணமேற்றி வெளியிட்டார்கள். புதிய தலைமுறை தியேட்டருக்கு வந்தது, அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் படம் முழுக்க வண்ணம் என்றானபின் அந்தப் பாட்டில் வெடிக்க என்ன மிச்சம்? கறுப்பு வெள்ளை வடிவம் இருப்பதால்தான் அந்தக் கணம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாற்றுவதில் ஓர் எல்லையை 2025ல் கடந்துவிட்டார்கள். 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி' ஆகஸ்டில் ஏஐ உருவாக்கிய புது முடிவோடு வந்தது, சாக வேண்டிய நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநரும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். உரிமை கையில் இருப்பவர் எதையும் மாற்றலாம் என்று ஆகிவிட்டால், நாற்பது வருடம் கழித்து ஒரு படத்தைத் தேடுகிறவர் எதை நம்புவார்?

இல்லாத காட்சிக்கு என்ன செய்வது?

நான்காம் ரீலைப் பிரின்டிலிருந்து எடுத்தோம். அதில் ஓரிடத்தில் 11 வினாடி படம் கிழிந்து போயிருந்தது. ஒலி நெகட்டிவ் தனிச் சுருள் என்பதால் வசனம் மட்டும் முழுதாக இருந்தது. நான்கு வழிகள் இருந்தன. ஒலியையும் வெட்டித் தாவிவிடலாம். 1983ல் 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தை மீட்டபோது செய்ததுபோல் படப்பிடிப்புப் புகைப்படங்களை வைத்து ஒலியை ஓட்டலாம். திரையை இருட்டாக விடலாம். ஏஐயிடம் கொடுத்து அந்த 11 வினாடியை உண்டாக்கலாம்.

மகன் கடைசி வழியைக் கேட்டார். கிடைத்த 16 எம்.எம். பகுதிகளை 'மெட்ரோபொலிஸ்' குழு எப்படி வைத்தது என்று போட்டுக் காட்டினேன். கீறலோடு, பிரேமின் ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு, எது பிறகு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியும்படி வைத்திருந்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா எடுக்காததை அப்பா பேர்ல போட வேணாம் சார்" என்றார்.

கறுப்பு வெள்ளையில், மோனோவில், ஒன்பதாம் ரீலின் இரண்டு நிமிடம் சேர்த்து, அந்த 11 வினாடிக்கு ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து முடித்தோம். கலர் பதிப்பு இன்னும் வரவில்லை. வந்தாலும் எனக்கு வருத்தமில்லை, மூலம் பத்திரமாக இருக்கிறது. பணிப் பதிவேட்டில் இப்படி எழுதி, அதன் நகலை டப்பாவுக்குள் வைத்தேன்: "ரீல் 4. 312ஆம் அடி தொடங்கிப் பதினாறரை அடி, 264 பிரேம், படம் கிடைக்கவில்லை. ஒலி மூல நெகட்டிவிலிருந்து. புகைப்படம் நாம் வைத்தது. பிரின்ட் கிடைத்தால் இங்கே சேர்க்கவும்."